ஊறுகாய்ப் புல்லு

அம்மிணி, கோவிச்சுக்காதீங்க, அந்த டிரம்மு மேல கால முட்டுக் குடுக்காதீங்க. கொஞ்சம் இக்கட்டால எடுத்து வைங்க. ஆங், அப்படித்தான். மூடி அசைஞ்சுதுன்னா நான் இத்தன நாளு பல்லைக் கடிச்சுட்டு இருந்ததெல்லாம் வீணாப் போயிரும். அந்தக் கண்டக்டரு தம்பியும் இப்படித்தான், ஏறும்போதே காலால ஒரு எத்து எத்திப்போட்டு உள்ள என்னன்னு கேட்டான். மாட்டுத் தீனின்னன். மாடு எங்கன்னான். ஊட்ல கட்டிக் கெடக்குதுன்னன். அப்ப மாட்ட ஊட்ல உட்டுப்போட்டுத் தீனிய மட்டும் எங்க கூட்டிட்டுப் போறீங்கன்னு பஸ்ஸே சிரிக்கறாப்புல கேட்டான். நாயமான கேள்விதானுங்க. நான் பதில் சொல்றதுக்குள்ள லக்கேஜ் டிக்கெட்டக் கிழிச்சுக் கையில திணிச்சுட்டுப் போயிட்டான்.

நீங்க எதுவரைக்கும்? அந்தியூரா? நானும் அங்கதானுங்க. அப்பச் சரி, சாவகாசமாப் பேசலாம்.

என்ற மருமவ இளமதியக் கூப்பிடப் போறனுங்க. கோவிச்சுட்டு அவிங்கம்மா ஊட்ல போயி உக்காந்துட்டா. அவ வரலீன்னா மாட்டையெல்லாம் வித்துப்போட்டுத் திருப்பூருக்குப் பனியன் கம்பெனிக்குப் போறன்னு என்ற மகன் மகுடீசு நிக்கறான். வெளையாட்டுக்குச் சொல்றானான்னு மூஞ்சியப் பாத்தன். வெளையாட்டில்லீங்க. அவனும் போயிட்டான்னா அத்தன பெரிய ஊட்ல நானும் பல்லியுந்தான். எல்லாம் ஒரு ஊறுகாயால வந்த வெனை.

என்னையப் பத்திச் சொல்லோணும்னா, நம்பியூருக்கு அக்கட்டால எந்த ஊர்ல கல்யாணம்னாலும் ஊறுகாய்க்கு இந்தப் பாவாயிதானுங்க. பந்தியில சோறு கொழஞ்சிருக்கும், ரசம் தண்ணியா ஓடும், பொண்ணே ஒரு பக்கம் அழுதுட்டு உக்காந்திருக்கும். ஆனா ஊறுகாய ஒருத்தன் கொறை சொல்லட்டும் பாக்கலாம். எலுமிச்சங்காயோ நார்த்தங்காயோ, என்ற கை பட்டுக் கெட்டுப் போச்சுன்னு இதுவரைக்கும் ஒரு பேச்சு வந்ததில்ல. சும்மா வருமுங்களா அந்தப் பேரு? சுத்தபத்தமா இருக்கோணும். ஈரக் கை படக்கூடாது. ஊட்டுக்குத் தூரமா இருக்கற பொம்பளைக நெழலு கூட சாடி மேல உழக்கூடாது. தெனமும் காத்தால குளிச்சுப்போட்டு வந்து, தொறந்து, ஒருக்காக் கிளறி, மோந்து பாத்து மூடோணும். கொழந்தையப் பாத்துக்கறாப்புலதான்.

இந்த வருசம் மழை நல்லாப் பேஞ்சுதுல்லைங்க. எங்க காட்டுல அந்தச் சீமைப்புல்லு, கோ-நாலுன்னு சொல்றாங்க பாருங்க, ஆள் ஒசரத்துக்கு வந்து நின்னுச்சு. மாடு தின்னு தீக்க மாட்டாம எங்களப் பாக்குது. ஆனா வெய்ய காலம் வந்துதுன்னா ஒரு ஈக்குச்சி இருக்காது. அப்பத்தான் பால் சொசைட்டிக்கு ஒரு ஆபீசரம்மா வந்தாங்க. சின்ன வயசு, கண்ணாடி போட்டுட்டு, நல்ல மாதிரி. அவங்க என்ன சொன்னாங்கங்கறீங்க? மிச்சமான பச்சைப் புல்ல வீணடிக்காதீங்க, ஊறுகாய்ப் புல்லு போட்டு வெச்சுக்குங்கன்னாங்க.

ஊறுகாய்னு அந்தம்மா வாயில இருந்து வந்ததுதான் தாமசம், சொசைட்டில இருந்த அத்தன பொம்பளைகளும் திரும்பி என்னையப் பாத்தாளுக. நானும் முந்தானைய இழுத்துச் சொருகிட்டு எந்திரிச்சன். அதுக்கு மேல எனக்கென்னத்துக்குங்க பாடம்? ஊறுகாய்னு ஆனப்பறம் ஆபீசரம்மா என்கிட்டக் கேட்டுக்க வேண்டியதுதான். கறக்கற நேரமாச்சுன்னு நான் ஊட்டுக்கு வந்துட்டன். இளமதிதான் கடைசி மட்டும் உக்காந்து, கேள்வியெல்லாம் கேட்டுப்போட்டு, ஒரு பாக்கெட் பவுடரையும் வாங்கிட்டு வந்தா.

பவுடரு என்னன்னா, தயிருக்கு ஒற ஊத்தற மாதிரி புல்லுக்கு ஒறயாமுங்க. தண்ணியில கரைச்சுத் தெளிச்சா புல்லு நல்லாப் புளிக்குமாம். கூட வெல்லப்பாகும் கொஞ்சம் உப்பும் தெளிச்சா இன்னும் தரமா இருக்குமாம். இதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. உப்பு போடோணும்னு எனக்கே சொல்லித் தர்றா பாருங்க! சரி, போனாப் போகுதுன்னு பவுடருக்கு ஒத்துக்கிட்டன். மாட்டுக்குத்தான, தெளிச்சுக்கோன்னன்.

மாடு கட்டற கட்டுத்தரைக்குப் பின்னால குழி வெட்டி, புல்ல அறுத்து, வெயில்ல வாட்டி, மிசின்ல சின்னச் சின்னதா நறுக்கி அடுக்கடுக்காக் கொட்டுனம். கொட்டக் கொட்ட இளமதி ஏறி மிதிச்சா. சும்மா மிதிக்கலீங்க, கும்மியடிக்கறாப்புல மிதிச்சா. கூட மகுடீசு. ஒவ்வொரு அடுக்குக்கும் பாகு, நான் வாங்கியாந்த உப்பு, பவுடருத் தண்ணி. உள்ள காத்தே இருக்கக்கூடாதுன்னு அதையே ஒரு பாட்டாட்டப் பாடிட்டுக் கெடந்தா. மிச்சமிருந்த புல்ல இந்த நீல டிரம்முல போட்டு, அதையும் அவளே காலால மிதிச்சு மிதிச்சுத் திணிச்சு மூடிக் கட்டுத்தரை மூலையில தள்ளி வெச்சா. என்னத்துக்கு இதுன்னு கேட்டன். சும்மா இருக்கட்டுமுங்க அத்தைன்னா. அவ அப்படித்தான், பாதிப் பேச்சப் பையிலயே வெச்சுக்குவா.

குழிய மூடறதுக்கு முன்னால நான் என்ற பங்குக்கு ஒரு சட்டி நல்லெண்ணெய காய வெச்சு, வெந்தயமும் பெருங்காயமும் பொரிச்சு மேலாப்புல ஊத்துனன். மகுடீசு கெக்கே பிக்கேன்னு சிரிச்சான். மாடு தயிர்சோத்துக்குத் தொட்டுக்கப் போகுதாம்மான்னான். சிரிக்கட்டும். வாசமே இல்லாம ஒரு ஊறுகாய போட்டுட்டு நாளைக்கு ஊருக்குள்ள நான் எப்படிங்க தலை நிமுந்து நடப்பன்?

பொறவு என்ன, தார்ப்பாய போட்டு மூடி மண்ணை அள்ளிப் போட்டாங்க. மறுநா காத்தால நான் குளிச்சுப்போட்டு வந்து, ஒரு ஓரமா மண்ணைத் தள்ளி, தார்ப்பாயத் தூக்கி, கவைக்கோல உட்டு ஒருக்காக் கிளறி, மோந்து பாத்து மூடுனன். சும்மா ஓரந்தான். அதுக்கே இளமதி பாலைப் போட்டுட்டு ஓடி வந்துட்டா.

"அத்தைங்க, தொறக்காதீங்க, காத்துப் பூந்துரும்."

என்ன பேச்சு பாத்தீங்களா? ஊருக்கே ஊறுகாய் போட்டுக் குடுத்தவகிட்ட, சாடியத் தொறக்காதீங்கங்கறா. நான் வாயத் தொறக்கல. மறுநாளும் தொறந்தன். அவ தார்ப்பாய் மேல கல்லத் தூக்கி வெச்சா. நான் கல்ல நகத்துனன். அவ பெரிய கல்லா வெச்சா. நான் கடப்பாரை எடுத்துட்டு வந்தன். இந்த வயசுல ஒரு மனுசி தெனமும் கல்லப் பெரட்டி ஒரு வேலையச் செய்யறான்னா அதுல எவ்வளவு அக்கறை இருக்கோணும், நீங்களே சொல்லுங்க. நடுவுல வாசம் ஒரு மாதிரி மாறுச்சுங்க. உப்புப் பத்தலையாட்டம் இருக்குதுன்னு இன்னும் ரெண்டு கை போட்டு, கொஞ்சம் ஆழமாவே கிளறி உட்டன். அப்படிப் பாத்துக்கிட்டனுங்க அந்தக் குழிய.

குழி தொறக்கற நாளு வந்துச்சு. நானே போயி ஊரையெல்லாம் கூப்பிட்டன். தேங்காய் ஒடச்சு, சூடம் பத்த வெச்சு, கருப்பராயனுக்கு முதப் புடின்னு ஒரு எலையைக் கூட எடுத்து வெச்சிருந்தன். தார்ப்பாய மொத்தமா உருவுனாங்க பாருங்க. அம்மிணி, நீங்க இன்னும் ஒண்ணும் சாப்பிடலைங்களே? அப்பச் சொல்லலாம். மேல பூராக் கறுப்பா, பூசணம் பூத்து, செத்த எலி நாத்தம். சூடமே அணைஞ்சு போச்சு. அந்த எலையில ஒரு புடி வெச்சுக் கொண்டு போனன், கருப்பராயன் கையில அருவாளோட நிக்கறாரு, எனக்கே பயமாப் போயித் திரும்பி வந்துட்டன். நம்ம மாடு ஜெர்சிக்காரி இருக்கறாளே, பிளாஸ்டிக் பையக் கூடத் திங்கறவ, அவ முன்னால கொண்டு போயிக் கொட்டுனன். ஒருக்கா மோந்தா. பொறவு மொகத்த அக்கட்டால திருப்பிக்கிட்டு என்னைய ஒரு பார்வை பாத்தா. என்ற மாமியாக்காரி கூட என்னைய அப்படிப் பாத்ததில்லீங்க.

பொம்பளைகெல்லாம் மூக்கப் பொத்திட்டு ஊட்டுக்குப் போயிட்டாளுக. ஏசியிருந்தாக் கூடப் பரவால்லீங்க. அடுத்த வாரம் கோபில ஒரு கல்யாணம், ஊறுகாய்க்குச் சொல்லியிருந்தாங்க. கடையில வாங்கிக்கறம்னு சொல்லி உட்டுட்டாங்க. எனக்கு ரெண்டு நாளு சோறு எறங்கல.

அந்த ஆபீசரம்மாள வரச் சொல்லி, உங்க பவுடரு போட்டதுல என்ற குழி போச்சுன்னு புடிச்சு ஏசிட்டன். அந்தம்மா குனிஞ்சு பாத்தாங்க, கையில எடுத்து மோந்தாங்க. நடுவுல தொறந்தீங்களாம்மான்னு கேட்டாங்க. நான் எதுக்குங்க தொறக்கறன்? காத்தால ஒருக்காக் கிளறி உடறதோட சரின்னன். அந்தம்மா கண்ணாடியக் கழட்டித் தொடைக்கறாங்க, இளமதியப் பாக்கறாங்க. இளமதி வானத்தப் பாக்கறா. அப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு, கோளாறு பவுடருலதான்னு. நெஞ்சுல குத்தமில்லாட்டி எதுக்குங்க கண்ணாடியக் கழட்டோணும்?

ஆனா மகுடீசு ஒண்ணு சொன்னான். அதே பவுடரத்தான் கோழிப்பண்ணைக்காரரு ஊட்லயும் போட்டாங்க, அவங்க குழிப் புல்லு மஞ்சக் கட்டியாட்ட வந்திருக்குது, மாடு முட்டி மோதித் திங்குதுன்னான். போயிப் பாத்தன். நெசந்தானுங்க. கையில எடுத்தா லேசாப் புளிச்ச மோரும் பழமும் சேந்தாப்புல ஒரு வாசம். நானே ஒரு வாய் தின்னு பாக்கலாமான்னு இருந்துச்சு. அப்பப் பவுடரு மேல குத்தமில்ல. வேற யாருன்னு படுத்துட்டே ரோசனை பண்ணுனன். என்னையத் தவிர எல்லாரையும் நெனச்சுப் பாத்தன்.

அப்பத்தான் சுருக்குனு ஒறைச்சுது. குழி மூடுன மறுநா வெள்ளிக்கெழமை, கோயிலுக்கு வான்னதுக்கு இளமதி வரலைன்னுட்டா. எதுக்கு வரலைன்னா? இப்பப் புரியுதுங்களா? ஊட்டுக்குத் தூரமா இருந்துக்கிட்டே குழிக்குள்ள எறங்கி மிதிச்சிருக்கறா! நெழலு படறதுக்கே கெடற சாமானு, ரெண்டு காலும் பட்டா உருப்படுமா?

தனியாக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம்னு மகுடீசு இன்னமும் சொல்லிட்டுத்தான் இருக்கறான். தனியாச் சொல்லி என்ன பண்றது? போன பேரு ஊருக்கு முன்னாலதான போச்சு, ஊருக்கு முன்னாலதான திரும்பி வரோணும்? பால் ஊத்தற நேரத்துல, சொசைட்டி வாசல்ல, அத்தன பேரு நிக்கையில சொன்னன். ஊறுகாய் கெட்டது என்ற கையினால இல்ல, என்ற மருமவ காலுனாலன்னன்.

அவ பால் கேன மெதுவா எறக்கி வெச்சாளுங்க. கத்தல. அழுகல. அவ கத்தியிருந்தா நானும் கத்தியிருப்பன், பொழுதோடக்குள்ள சரியாப் போயிருக்கும்.

"ஆமாங்க அத்தை, தூரமா இருந்தப்பத்தான் மிதிச்சன். நீங்க சுத்தபத்தமாத் தெனமும் தொறந்து பாத்தீங்க. அதே நாளு, அதே காலு, அதே புல்லுத்தான் அந்த நீல டிரம்முல இருக்குது. அத நான் வந்து தொறக்கறன். அதுக்குள்ள நீங்க ஒருக்காத் தொறந்தாலும் நான் இந்த ஊட்டுக்கு வர மாட்டன்."

சொல்லிப்போட்டு அப்படியே பஸ் ஏறிட்டா. கால்ல கெடந்த செருப்புக் கூட கட்டுத்தரையில போடறதுதான். நான் நாளைக்கே வந்துருவான்னு நெனச்சன். வரலீங்க. போன் பண்ணா மகுடீசுகிட்ட மட்டும் பேசுவா. பேசி முடிக்கையில டிரம்மு பத்திரமான்னு கேப்பாளாம். அத்தை பத்திரமான்னு ஒரு வார்த்தை கேட்டாளா? டிரம்மு பத்திரமா!

அவ இல்லாத ஊடு ஊடாட்டவே இல்லீங்க. என்ற கூட எதுத்துப் பேசறதுக்கு ஒரு ஆளில்ல. மகுடீசு சோத்த வாங்கிட்டு வாசல்ல போயித் திங்கறான். எனக்கு அவ மேல ஆசைதானுங்க, இல்லீங்கல. என்ற வவுத்துல பொறந்திருந்தா இன்னும் நாலு ஏசியிருப்பன். ரவைக்குப் படுத்தா ரெண்டு நெனப்புத்தான் வரும். ஒண்ணு இளமதி. இன்னொண்ணு இந்த டிரம்மு.

காத்தால எந்திரிச்சாக் காலு தன்னால கட்டுத்தரை மூலைக்குப் போகுது. போயி டிரம்மு மேல காத வெச்சுக் கேப்பன். தட்டிப் பாப்பன். ஒரு நா மூடியோட வளையத்துல கை போயிருச்சு. ஜெர்சிக்காரி மா...ன்னு கத்துனா, கைய எடுத்துட்டன். அன்னைக்குத்தான் என்ற பழைய சேலையக் கிழிச்சு மூடியச் சுத்திக் கட்டுனன். இதா பாருங்க முடிச்ச. இன்னைக்கு அவுக்க ஆரம்பிச்சா நாளைக்குத்தான் முடியும். எதுக்குக் கட்டுனனா? மனுசக் கை சும்மா இருக்குமுங்களா? ஊட்ல போற வர்றவங்க ஆயிரம் பேரு.

அதேதான், அதனாலதான் கையோட கொண்டு வந்துட்டன். சம்பந்தி ஊட்டு வாசல்ல எறக்கி வெச்சு, இந்தா அம்மிணி, நீயே உன்ற கையால தொறன்னு சொல்லிருவன். உள்ள கெட்டுக் கெடந்துதுன்னா நான் சொன்னதுதான் நெசம். ஆனா அந்த வெக்கத்துல அவ என்ற கூட வர மாட்டா. நல்லா இருந்துதுன்னா நான் சொன்னது தப்பு. தலைய நிமித்திட்டு வந்துருவா. பாருங்க, சாமி எனக்குன்னு எப்படிப் போட்டு வெச்சிருக்குதுன்னு.

வர்ற வழியில நம்மூரு முக்குல பஸ்சு நின்னப்ப, கருப்பராயன் கோயில் பக்கம் பாத்துக் கும்புட்டுட்டுத்தான் வந்தன். நல்லா இருக்கோணும்னுதான் வேண்டிக்கிட்டன். ஏன்னு கேக்காதீங்க. அந்தாளும் அந்த நாத்தத்தைப் பாத்தவருதான, புரிஞ்சுக்குவாரு. நல்லா இருந்துதுன்னா சபையில என்ன பேசறதுன்னும் ரோசிச்சு வெச்சுட்டன். "பின்ன கெடுமா? உப்பு யாரு வாங்குன உப்பு?" அப்படின்னு ஒரு போடு போட்டன்னா அவ சிரிச்சுருவா. சிரிச்சான்னா வந்துருவா. அவளைப் பத்தி எனக்குத் தெரியும்.

அத்தாணி தாண்டிருச்சுங்களா? அப்ப இனி வெசயாப் போயிருவான். எறங்கறப்ப ஒரு கை புடிச்சு உடுங்க, கனமாத்தான் இருக்குது.

ஏனுங்க, என்ன பண்றீங்க? அந்த முடிச்ச எதுக்கு நோண்டறீங்க? வாசம் எப்படி இருக்குதுன்னு சும்மா ஒரு ஓரமாப் பாக்கறீங்களா? கைய எடுங்க அம்மிணி. ஓரமும் வேண்டாம், நடுவும் வேண்டாம். தொறக்காதீங்க, காத்துப் பூந்துரும். மூடி வெச்சா மூடி வெச்சதுதான். படிச்ச பொண்ணாட்ட இருக்கறீங்க, இதக் கூடவா ஒருத்தரு சொல்லித் தரோணும்? தொறந்து தொறந்து பாத்தா எதுங்க உருப்படும்?

இப்ப எதுக்குங்க சிரிக்கறீங்க?